புது வீடு கட்டப் போறவங்க எங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீடு கட்டி முடிச்சு நாங்க குடி வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மாமனார், மாமியார்னு ஆறு பேர். 9 மாசத்துல முடிச்சிடலாம்னு ஆரம்பிச்சது 14 மாசம் இழுத்துச்சு. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு யார் வீடு கட்டத் தொடங்கினாலும் எனக்கு போன் வருது, கேக்குறதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் என்ஜினியர் இல்ல. தினமும் சைட்ல போய் நின்னு, தெரியாதத கேட்டு, சிலத கேக்காம விட்டு நஷ்டப்பட்டு தெரிஞ்சுக்கிட்டது இதெல்லாம். கம்பி எத்தனை, பில்லர் எங்கங்கறத உங்க ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்தான் சொல்லணும், அதுல யார் பேச்சையும் கேக்காதீங்க, என் பேச்சையும் சேத்துதான்.

முதல்ல எதுல ஆரம்பிக்கணும்? பிளானா, கான்ட்ராக்டரா, லோனா?

மண்ணுல. நிறைய பேர் இத செலவுன்னு நினைச்சு விட்டுடறாங்க. ஒரே மனையில ஒரு மூலை கெட்டி மண்ணா இருக்கும், இன்னொரு மூலை எப்பவோ பள்ளமா கிடந்து யாரோ கொட்டி நிரப்பின மண்ணா இருக்கும், மேல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். களிமண்ணா இருந்தா மழைக்கு உப்பும், வெயிலுக்கு சுருங்கும், அது மேல நிக்கிற வீடும் கூடவே ஆடும். மண்ணு எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு ஆழத்துல கெட்டியா இருக்குன்னு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வந்தா அத வச்சுதான் என்ஜினியர் கடக்கால், அதாவது அஸ்திவாரம், எப்படி போடணும்னு முடிவு பண்ணுவார். ரிப்போர்ட் இல்லன்னா அவர் ஒண்ணு பயந்து அதிகமா போடுவார், இல்ல தைரியமா கம்மியா போடுவார், ரெண்டுலயும் நமக்குத்தான் நஷ்டம். மொத்த வீட்டு செலவோட ஒப்பிட்டா டெஸ்ட் செலவு கண்ணுக்கே தெரியாது.

பிளான் பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. வேற என்ன பாக்கணும்?

பேப்பர்ல எல்லா ரூமும் பெருசா தெரியும். நாங்க பண்ணின ஒரு நல்ல காரியம், அப்ப குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில சாக்பீஸ வச்சு பிளான அப்படியே நிஜ அளவுல வரைஞ்சோம். ரூம், கதவு, கட்டில், பீரோ எல்லாம். பெரியவன கட்டில்ல படுக்கச் சொல்லி, அதாவது கோட்டுக்குள்ள படுக்கச் சொல்லி, சின்னவள கதவு மாதிரி கைய நீட்டி சுத்தி வரச் சொன்னோம். கை நேரா அண்ணன் கால்ல இடிச்சுது! பிளான்ல கதவு திறக்குற வளைவு வரைஞ்சுதான் இருந்துச்சு, மூணு மாசமா பாத்துட்டுத்தான் இருந்தோம், ஒருத்தர் கண்ணுக்கும் படல. கதவ அந்தப் பக்க சுவருக்கு மாத்தினோம், பென்சில்ல அரை நிமிஷ வேலை. செங்கல் ஏறின பிறகு தெரிஞ்சிருந்தா இடிச்சு கட்டணும்.

அதே மாதிரி கதவு அகலம். ரூம் கதவு 90 செ.மீ. இருந்தா சக்கர நாற்காலி போகும், பீரோவும் சாய்க்காம உள்ள போகும். பாத்ரூம் கதவத்தான் எல்லாரும் சின்னதா போடுவாங்க, வயசான காலத்துல ஒருத்தர் கையப் பிடிச்சு இன்னொருத்தர் கூட்டிட்டுப் போக வேண்டியது அங்கதான்.

கிச்சன் மேடை உயரமும் கேட்டு வாங்குங்க. வழக்கமா 85ல இருந்து 90 செ.மீ. வரைக்கும் போடுவாங்க, ஆனா நிக்கிறவங்க முழங்கைக்கு 10, 15 செ.மீ. கீழ இருந்தாத்தான் தோள் வலிக்காது. எங்க வீட்ல நானும் மாமியாரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், அதனால சண்டை இல்லாம முடிஞ்சுது.

மாடிப்படிக்கு எதாவது கணக்கு இருக்கா?

இருக்கு, ரொம்ப பழைய கணக்கு. ரெண்டு படியோட உயரத்தையும் ஒரு படியோட அகலத்தையும் கூட்டினா 60ல இருந்து 64 செ.மீ.க்குள்ள வரணும். 17ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்த ப்ளோன்டெல்ங்கற கட்டடக்கலை ஆசிரியர் மனுஷன் நடக்குற அடியோட நீளத்த வச்சு எழுதினது, இன்னிக்கும் அதத்தான் பயன்படுத்துறாங்க. உதாரணத்துக்கு உயரம் 16 செ.மீ., அகலம் 29 செ.மீ.ன்னா கூட்டினா 61, ஏறுறதுக்கு சுகமா இருக்கும்.

எங்க முதல் பிளான்ல இடத்த மிச்சம் பிடிக்க உயரம் 19 செ.மீ. வச்சிருந்தாங்க. மாமியாருக்கு முட்டி வலி. அவங்க எதுவும் சொல்லல, "நான் எங்க மாடிக்கு வரப்போறேன், கீழயே இருந்துக்கறேன்"ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அது என்னவோ போல ஆயிடுச்சு, சொந்த வீட்ல பாதி வீடு அவங்களுக்கு இல்லன்னா எப்படி? ஹால்ல கொஞ்சம் இடத்த விட்டுக் குடுத்து படிய மாத்தினோம். இப்ப தினமும் சாயங்காலம் மாடியில அவங்கதான் இருக்காங்க. எல்லா படியும் ஒரே உயரமா இருக்கான்னு கடைசியில டேப் வச்சு பாருங்க, டைல்ஸ் ஒட்டும்போது முதல் படியும் கடைசி படியும்தான் மாறிப் போகும், கால் தடுக்குறதும் அங்கதான்.

கான்ட்ராக்டர்கிட்ட அக்ரிமென்ட்ல என்னென்ன எழுதணும்?

தெரிஞ்சவர், நல்லவர்ங்கறதெல்லாம் இருக்கட்டும், எழுதுறது சந்தேகத்துக்காக இல்ல, ஞாபகத்துக்காக. ஒரு வருஷம் கழிச்சு யார் என்ன சொன்னாங்கன்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது. எங்களுக்கு நடந்தது இதுதான், காம்பவுண்டு சுவர் பேசின ரேட்டுல சேந்ததுன்னு நாங்க நினைச்சோம், சேராதுன்னு அவர் நினைச்சார், ரெண்டு பேரும் பொய் சொல்லல.

என்னென்ன வேலை சேத்தி, என்னென்ன சேராது, அதுல சேராத லிஸ்ட்தான் முக்கியம். தண்ணி தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு, கேட், கிச்சன் அலமாரி, லைட்டு பேன், மண்ணு நிரப்புறது, கரண்டு தண்ணி செலவு, ஒவ்வொண்ணுக்கும் ஆமா இல்லன்னு எழுதுங்க. சிமெண்ட், கம்பி, ஒயர், பைப், குழாய் என்ன தரம்னு எழுதுங்க, "நல்ல கம்பெனி"ன்னு எழுதினா அது எழுதாத மாதிரிதான். நடுவுல பொருள் விலை ஏறினா யார் தலையிலன்னு எழுதுங்க. பணம் குடுக்குறது வேலை முடிஞ்ச கணக்குல இருக்கணும், தேதி கணக்குல இல்ல, பேஸ்மென்ட் முடிஞ்சா இவ்வளவு, கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டம் வந்தா இவ்வளவு, ரூஃப் போட்டா இவ்வளவுன்னு. கடைசியா 5ல இருந்து 10 சதவீதம் கையில நிறுத்தி வச்சு, குடி போய் ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு குறையெல்லாம் சரி பண்ணின பிறகு தர்றதா எழுதுங்க. ஒழுங்கா வேலை செய்யுற கான்ட்ராக்டர் இதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

பட்ஜெட் ஏன் எல்லாருக்கும் ஏறுது?

பாதி காரணம் நாமதான். சுவர் ஏறின பிறகு "இங்க ஒரு ஜன்னல் வந்தா நல்லா இருக்குமே"ன்னு தோணும், அதுல தப்பில்ல, ஆனா அந்த ஜன்னலுக்கு இடிக்கிற கூலி, குப்பை அள்ளுற கூலி, லிண்டல், கிரில், திரும்ப பூச்சுன்னு நாலஞ்சு செலவு சேந்து வரும். எங்க வீட்ல சின்னதும் பெருசுமா 23 மாத்தம் பண்ணோம், நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் தனியா பாத்தா "இவ்வளவுதானே"ன்னு இருந்துச்சு.

மீதி பாதி மண்ணுக்குள்ளயும் மார்க்கெட்லயும் இருக்கு. தோண்டும்போது பாறை வரும், ஊத்து வரும், கம்பி விலை ஏறும். அதனால மொத்தத்துல 10ல இருந்து 15 சதவீதம் தனியா எடுத்து வச்சுட்டு, அந்தப் பணம் இருக்குன்னு மறந்துடுங்க, நல்ல டைல்ஸ் பாத்தவுடனே அது ஞாபகம் வந்துடும். லோன் வாங்குறவங்க இன்னொண்ண கணக்கு போடணும், வேலை இழுக்குற ஒவ்வொரு மாசமும் இப்ப இருக்குற வீட்டுக்கு வாடகையும் போகும், வட்டியும் ஓடும். எங்களுக்கு கூடுதலா ஆன அந்த 5 மாசம்தான் வலிச்சுது, மார்பிள் ஆசைய விட்டது அங்கதான்.

கம்பி எடைய நாமளே சரி பாக்க முடியுமா?

முடியும், சுலபம். கம்பியோட விட்டத்த மில்லிமீட்டர்ல எடுத்து அத அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 12 மி.மீ. கம்பின்னா 144ஐ 162ஆல வகுக்கணும், 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒண்ணு பத்தரை கிலோவுக்கு கொஞ்சம் மேல. எண்ணிக்கைய வச்சு பெருக்கி பில்லோட ஒத்துப் பாருங்க, கொஞ்சம் கூடக் குறைய வரும், ரொம்ப வித்தியாசம் வந்தா கேளுங்க. என் வீட்டுக்காரர் இத போன்ல கால்குலேட்டர்ல போட்டுட்டே நிப்பார்.

சிமெண்ட் மூட்டைய மொத்தமா வாங்கி அடுக்காதீங்க. மூணு மாசம் கிடந்தா பலத்துல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் போயிடும். தரையில வைக்காம பலகை மேல, சுவர் ஒட்டாம அடுக்கச் சொல்லுங்க.

தினமும் சைட்டுக்கு போகணுமா? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்.

தினமும் போக முடியலன்னா பரவாயில்ல, மூடுற நாளுக்கு முன்னாடி போங்க. எங்கிட்ட யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இது ஒண்ணுதான். வீடு கட்டுறதுல ஒவ்வொரு வேலையையும் அடுத்த வேலை மூடிடும். கடக்கால மண்ணு மூடும், கம்பிய கான்கிரீட் மூடும், பைப்ப பூச்சு மூடும், பூச்ச பட்டி மூடும், பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங்க டைல்ஸ் மூடும். மூடின பிறகு நீங்க தினமும் போய் நின்னாலும் ஒண்ணும் தெரியாது. அதனால மேஸ்திரிகிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டு வச்சுக்கோங்க, "அடுத்து எத மூடப் போறீங்க, என்னைக்கு?" அந்த நாளுக்கு முந்தின நாள் லீவு போட்டாவது போயிடுங்க, முடிஞ்சா என்ஜினியரையும் வரச் சொல்லுங்க.

கான்கிரீட் போடுற அன்னைக்கு என்ன கவனிக்கணும்?

இத கொஞ்சம் நீளமா சொல்றேன், வீட்டோட எலும்பு இதுதான்.

முந்தின நாள் கம்பி கட்டினத பாருங்க. கம்பிக்கு அடியில கவர் பிளாக்குங்கற சின்னக் கட்டி இருக்கணும், அதாவது கான்கிரீட்ட தாங்க அடியில அடிக்கிற சென்ட்ரிங் தகட்ட கம்பி தொடக்கூடாது. பொதுவா ரூஃபுக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, பில்லருக்கு 40, பில்லருக்கு அடியில மண்ணுக்குள்ள வர்ற ஃபுட்டிங்குக்கு 50ன்னு கான்கிரீட் கம்பிய மூடி நிக்கணும், உங்க டிராயிங்ல எவ்வளவு போட்டிருக்கோ அது. கவர் இல்லன்னா ஈரம் கம்பிக்குப் போகும், துரு பிடிக்கும், துரு பழைய கம்பியவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும், அது உள்ள இருந்து கான்கிரீட்ட தள்ளி உடைக்கும். பழைய கட்டடங்கள்ல சீலிங் பேந்து கம்பி தெரியுதே, அதுதான்.

எங்க ரூஃப் போடுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் குனிஞ்சு பாத்தப்ப படிக்கட்டு பக்கத்துல ஒரு மூலை முழுக்க கம்பி தகட்டுல படுத்திருந்துச்சு. கவர் பிளாக் தீர்ந்து போச்சாம், ஜல்லிக்கல்ல வச்சு நிமித்திக்கலாம்னாங்க. ஜல்லி நகந்துடும், அத கவர் பிளாக்கா வைக்கக்கூடாதுன்னு என்ஜினியர் முன்னாடியே சொல்லியிருந்தார். "மிக்சர், ஆளு எல்லாம் சொல்லியாச்சு, காலையில 6 மணிக்கு ஆரம்பிக்கணும்"ன்னு கான்ட்ராக்டர் சத்தம் போட்டார், எனக்கு கை நடுங்கிச்சு, ஆனாலும் கவர் பிளாக் வராம போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ராத்திரி 9 மணிக்கு வாங்கிட்டு வந்து டார்ச் வெளிச்சத்துல வச்சாங்க. கம்பி கட்டுற பையன் ஒருத்தன் கடைசி வரைக்கும் இருந்து ஒவ்வொண்ணா சொருகினான், அவன நான் மறக்கவே மாட்டேன்.

போடுற அன்னைக்கு தண்ணியத்தான் கவனிக்கணும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒண்ணுக்கு சுமார் 25 லிட்டர், மணல்ல இருக்குற ஈரத்தையும் சேத்து. கான்கிரீட் சுலபமா வழியணும்னு ஹோஸ்ஸ விட்டு தண்ணிய சேப்பாங்க, பரப்புறவங்களுக்கு அது வசதி, வீட்டுக்கு கேடு, ஏன்னா அதிகமா சேத்த தண்ணி ஆவியாகிப் போன இடமெல்லாம் உள்ள பொடிப்பொடி ஓட்டையா நிக்கும். சந்தேகமா இருந்தா ஸ்லம்ப் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, 30 செ.மீ. உயரக் கூம்புல கான்கிரீட்ட நிரப்பி கூம்ப எடுத்தா எவ்வளவு உக்காருதுன்னு பாக்குறது, அஞ்சு நிமிஷம்தான். கான்கிரீட்ட அதிர வச்சு இறுக்குற வைப்ரேட்டர் ஒண்ணு ரிப்பேர் ஆனா இன்னொண்ணு இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. அது இல்லன்னா பில்லர்ல தேன்கூடு மாதிரி ஓட்டை விழும், ரொம்ப நேரம் ஒரே இடத்துல வச்சாலும் ஜல்லி கீழயும் சிமெண்ட் பால் மேலயும் பிரிஞ்சுடும். உயரத்துல இருந்து கொட்டக்கூடாது, ஒண்ணரை மீட்டருக்கு மேல வேண்டாம். அதே கான்கிரீட்ட அச்சுல ஊத்தி டெஸ்டுக்கு கியூப் எடுத்து வைக்கச் சொல்லுங்க, 7 நாள்ல ஒண்ணு, 28 நாள்ல ஒண்ணு உடைச்சுப் பாக்கணும், 7 நாள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பலம் வந்திருக்கும்.

கியூரிங் எத்தனை நாள்? சென்ட்ரிங் எப்ப பிரிக்கலாம்?

கியூரிங்னா போட்ட கான்கிரீட்ட ஈரமாவே வச்சிருக்கிறது. சாதா சிமெண்டுன்னா குறைஞ்சது 7 நாள், சாம்பல் மாதிரி கலந்து வர்ற கலப்பு சிமெண்டுன்னா 10ல இருந்து 14 நாள், வெயில் காலத்துல அதுக்கு மேல விட்டாலும் நல்லதுதான். கான்கிரீட் காயறதால கெட்டியாகுறதில்ல, தண்ணிய குடிச்சுத்தான் கெட்டியாகுது, அத புரிஞ்சுக்கிட்டா யாரும் கியூரிங்ல சோம்பேறித்தனம் பண்ண மாட்டாங்க. ரூஃபுக்கு சிமெண்ட் கலவையில பாத்தி கட்டி தண்ணி நிறுத்துவாங்க, பில்லருக்கு சாக்கு சுத்தி நனைக்கணும், இந்த பில்லரத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க.

ரூஃப தாங்கி நிக்கிற முட்டு பிரிக்க, நாலரை மீட்டர் வரைக்கும் அகலம்னா 7 நாள், அதுக்கு மேல 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, அதுக்கு மேல 21 நாள்னு ஒரு கணக்கு இருக்கு, கலப்பு சிமெண்டுக்கும் குளிர் காலத்துக்கும் இன்னும் கூடும், என்ஜினியர் சொல்லாம ஒரு முட்டு கூட நகரக்கூடாது. பலகை வேற சைட்டுக்கு வேணும்னு சீக்கிரம் பிரிக்கப் பாப்பாங்க.

எங்க வீட்டுக்கு தண்ணி விட்டது என் மாமனார். அவருக்கு இந்த வீடு கட்டுறதுலயே இஷ்டம் இல்ல, "இருக்கிற வீடு போதாதா"ன்னுட்டு முதல் நாலு மாசம் சைட் பக்கமே வரல. ஒரு நாள் வாட்ச்மேன் வரலன்னு நான் அவர போய் ஹோஸ் மட்டும் திறந்து விடச் சொன்னேன். அன்னைக்கு போனவர்தான், அடுத்த நாள் காலையில 6 மணிக்கு நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிட்டார். காலையும் சாயங்காலமும் பாத்தி பாத்தியா நிரப்பிட்டு, எங்க உடைச்சிருக்குன்னு பாத்து கலவையால அடைச்சுட்டு, ஒரு மாசம் முழுக்க. பாத்தியில வானம் தெரியுறத போட்டோ எடுத்து எங்களுக்கெல்லாம் அனுப்பினார். எனக்கு இந்த வீடு கட்டினதுல மிஞ்சின சந்தோஷம் எதுன்னா அந்த போட்டோதான்.

சுவர்ல விரிசல் வந்துடுச்சு, பயப்படணுமா?

முடி மாதிரி மெல்லிசா, பூச்சுல மட்டும், வலை பின்னின மாதிரி இருந்தா பெரும்பாலும் பூச்சு சீக்கிரம் காஞ்சது. பில்லரும் செங்கலும் சேருற இடத்துல நேர் கோடா வந்தா ரெண்டும் வேற வேற அளவுல சுருங்குது, அதுக்குத்தான் பூசுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல கோழி வலை அடிக்கணும், இதுவும் மூடுற வேலைதான். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா கிளம்பி, ரெண்டு பக்கமும் தெரிஞ்சு, அகலமாகிட்டே போனா உடனே என்ஜினியர கூப்பிடுங்க. வளருதான்னு தெரிஞ்சுக்க, விரிசல் முடியுற ரெண்டு முனையிலயும் பென்சில்ல குறுக்க ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க, மாசா மாசம் பாருங்க. கோட்ட தாண்டலன்னா நிம்மதியா தூங்கலாம்.

ஒயரிங், பிளம்பிங்ல எதுல ஏமாந்தீங்க?

ஸ்விட்ச் எங்கங்கறத பிளான் பாத்து முடிவு பண்ணாதீங்க, செங்கல் கட்டி முடிச்சதும் ரூமுக்குள்ள நின்னு, கதவ திறக்குற மாதிரி கைய வச்சு, கட்டில் எந்தப் பக்கம்னு நினைச்சுப் பாத்து சுவர்லயே சாக்பீஸ்ல மார்க் பண்ணுங்க. பைப்ப பூசி மூடுறதுக்கு முன்னாடி தண்ணி நிரப்பி, வழக்கமான அழுத்தத்தவிட ஒண்ணரை மடங்கு ஏத்தி, மீட்டர் முள் இறங்குதான்னு பாக்கணும். எல்லா சுவரையும் போட்டோ எடுங்க, சும்மா இல்ல, டேப்ப மூலையில இருந்து இழுத்துப் பிடிச்சு நம்பர் தெரியுற மாதிரி. ரூம் பேர் எழுதின பேப்பரும் போட்டோல இருக்கட்டும், இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு எந்த சுவர்னே தெரியாது.

ஏமாந்தது பாத்ரூம்ல. மாடி பாத்ரூமுக்கு வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சாச்சு, அதுல தண்ணி கட்டி குறைஞ்சது 24 மணி நேரம் நிறுத்திப் பாக்கணும்னு தெரியும், கீழ் பாத்ரூமுக்கு பண்ணினோம். மாடிக்கு பண்ணல, ஏன்னா மறுநாள் டைல்ஸ் ஆள் வர்றார், அவர விட்டா 15 நாள் கிடைக்க மாட்டார், நாங்களும் களைச்சுப் போயிருந்தோம், போடட்டும்னு சொல்லிட்டோம். குடி வந்து ரெண்டாவது மாசம் கீழ ரூம் சீலிங்ல உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளா ஒரு கறை. தரை ஓட்டைய சுத்தி, பைப்பும் தளமும் சேருற இடத்துல அடைக்காம விட்டிருக்காங்க. டைல்ஸ உடைச்சு, எல்லாத்தையும் எடுத்து, திரும்ப அடிச்சு, தண்ணி கட்டி ரெண்டு நாள் பாத்து, திரும்ப ஒட்டினோம். ஒரு நாள் பொறுத்திருந்தா போதும். அதே டைல்ஸ் கிடைக்கல, இப்பவும் அந்த பாத்ரூம்ல நாலு கல்லு கொஞ்சம் வேற நிறம்.

வீட்ல சண்டை வருமா?

வரும். அதுவும் டைல்ஸுக்கு வரும்னு பாத்தா கதவு கைப்பிடிக்கு வரும். ஒரு வருஷமா தினமும் ஏதாவது ஒண்ண முடிவு பண்ணிட்டே இருக்கணும், ஒரு கட்டத்துக்கு மேல மூளை வேலை செய்யாது, "என்னவோ பண்ணுங்க"ன்னு ஒருத்தர் சொல்லுவார், பண்ணின பிறகு அவரே "என்னை கேக்கலியே"ன்னுவார். எங்களுக்கு பெரிய சண்டை பணத்துலதான் வந்துச்சு. அவர் யாருக்கும் சொல்லாம ஒரு ஃப்ரெண்டுகிட்ட கைமாத்து வாங்கியிருந்தார், நான் கவலைப்படுவேன்னு மறைச்சாராம், எனக்கு கடன விட மறைச்சதுதான் தாங்கல. ரெண்டு நாள் பேசல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நோட்ட எடுத்து வச்சு வந்தது, போனது, தர வேண்டியதுன்னு மாமனார் உட்பட எல்லாரும் உக்காந்து பாக்குறதுன்னு வச்சோம். கிச்சன் விஷயத்துல கடைசி வார்த்தை எனக்கு, கரண்டு விஷயத்துல அவருக்கு, பசங்க ரூம் கலர் பசங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டோம், சண்டை பாதியா குறைஞ்சுது.

மேஸ்திரி, ஆளுங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்?

தப்ப மேஸ்திரிகிட்ட தனியா சொல்லுங்க, அவர் ஆளுங்க முன்னாடி சொல்லாதீங்க. நேரா கொத்தனார்கிட்டயோ சித்தாள்கிட்டயோ போய் வேலை சொல்லாதீங்க, ரெண்டு பேர் சொன்னா அவங்க யார் பேச்சத்தான் கேப்பாங்க? வாரக்கூலி நாள் தவறக்கூடாது. நல்லா கட்டின சுவரப் பாத்தா நின்னு சொல்லுங்க. எங்க கொத்தனார் ஒருத்தர் தூக்குக்குண்ட விட்டுப் பாத்துட்டு, நூல் அளவு வித்தியாசத்துக்கு ஒரு வரிசைய அவராவே பிரிச்சு திரும்ப கட்டினார், யாரும் கேக்கல.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் தயவு பண்ணி விட்டுக் குடுக்காதீங்க. தோண்டின குழிய சுத்தி கட்டை கட்டுங்க. சாரத்துல பலகை ஆடுதான்னு பாருங்க. முக்கியமா, புதுசா கட்டின தண்ணி தொட்டி, செப்டிக் டேங்க் உள்ள சென்ட்ரிங் பிரிக்க யாரையும் திடீர்னு இறக்க விடாதீங்க. பல நாள் மூடிக் கிடந்து, உள்ள ஈரப் பலகை ஊறிக் கிடந்தா காத்துல ஆக்சிஜன் இருக்காது, இறங்கினவர் மயங்கி விழுவார், காப்பாத்த இறங்குறவரும் விழுவார், உயிர் போயிருக்கு. மூடிய எல்லாம் திறந்து, பேன் வச்சு காத்து உள்ள தள்ளி, இடுப்புல கயிறு கட்டி, மேல ஆள் நிறுத்தி அப்புறம்தான். ஆளுக்கு காப்பீடு இருக்கான்னும் ஆரம்பத்துலயே கேளுங்க.

பெயிண்ட் எப்ப அடிக்கலாம்?

பூச்சு முடிஞ்சு குறைஞ்சது நாலு வாரம். ஈரத்தோட அடிச்சா உரியும், வெள்ளையா உப்பு பூக்கும்.

குடி போன பிறகு என்ன பாக்கணும்?

முதல் மழைக்கு ஒரு சுத்து சுத்தி வாங்க, மொட்டை மாடியில தண்ணி எங்க தேங்குது, ஜன்னல் சட்டத்துல எங்க கசியுது, சுவர் அடியில ஓதம் ஏறுதான்னு. எல்லா கதவையும் திறந்து மூடுங்க, எல்லா குழாயையும் ஒரே நேரத்துல திறந்து பாருங்க. குறைய ஒவ்வொண்ணா போன்ல சொல்லாம ஒரு மாசம் சேத்து, ரூம் வாரியா எழுதி, தேதி போட்டு கான்ட்ராக்டர்கிட்ட குடுங்க. எங்களுது 31 குறை இருந்துச்சு, 28 சரி பண்ணிக் குடுத்தார், பாத்ரூம் உடைச்சதுல கூலி அவருது, டைல்ஸ் எங்களுது. அதுக்கப்புறம்தான் நிறுத்தி வச்ச பணத்த குடுத்தோம்.

போன வாரம் பெரியவன் அவன் ரூம்ல புத்தக அலமாரி மாட்டணும்னு டிரில்ல எடுத்துட்டு நின்னான். மாமனார் போன எடுத்து அந்த சுவர் போட்டோவ தேடி எடுத்தார், மூலையில இருந்து 42 செ.மீ.ல தண்ணி பைப் மேல ஏறுது, டேப்ல நம்பர் தெளிவா தெரியுது, பைப் பக்கத்துல டேப்ப பிடிச்சிருக்கிற கை என் கை. "கொஞ்சம் தள்ளி 60ல போடுடா"ன்னார்.